ஒரே தளபதி: பிரிட்டனின் நீண்ட தயக்கம்

2025 செப்டம்பர் 2-ஆம் தேதி ரிச்சர்ட் நைட்டன் பிரிட்டனின் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அவரைப் பற்றிப் பத்திரிகைகள் விரும்பி எழுதிய விஷயம், அவர் விமானி அல்ல, பொறியாளர் என்பது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 2023-இல் அவர் விமானப்படைத் தளபதி ஆனபோதே, விமானம் ஓட்டாத ஒருவர் அந்த நாற்காலிக்கு வருவது அதுதான் முதல் முறை என்று பேசினார்கள். பொறியியல் படித்துவிட்டுக் கணிப்பொறி முன்னால் ஆயுளைக் கழிக்கும் என் போன்றவர்களுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு என்பதை மறைப்பானேன்!

ஆனால் அவர் யார் என்பதைவிட, அவர் உட்கார்ந்த நாற்காலி என்ன ஆனது என்பதுதான் பெரிய செய்தி. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி பிரிட்டனில் 1959 முதல் இருக்கிறது. பெயரைக் கேட்டால் மூன்று படைகளும் அவர் கட்டளைக்குக் கீழ்ப்படியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றின் தளபதிகளும் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று முறைப்படி ஆனது 2025-இல்தான். பெயர் வைத்து 66 ஆண்டுகள் கழித்து அதிகாரம் வந்திருக்கிறது. இந்தத் தாமதத்தைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. வேண்டுமென்றேதான் தயங்கினார்கள்.

தயக்கத்தின் வேர் 17-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ஆலிவர் கிராம்வெல் 1650-களில் படையை வைத்து நாட்டை ஆண்டார். மேஜர் ஜெனரல்கள் மாவட்டங்களை ஆண்ட அந்தக் கசப்பை இங்கிலாந்து மறக்கவே இல்லை. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அமைதிக் காலத்தில் படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்றது. ராயல் நேவி, ராயல் ஏர்ஃபோர்ஸ் என்று சொல்கிறவர்கள் 'ராயல் ஆர்மி' என்று சொல்வதில்லை, கவனித்திருப்பீர்கள். இன்றும் படைச் சட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். ஆக, எல்லாப் படைகளுக்கும் ஒரே தலைவன் என்ற யோசனை அந்த நாட்டின் நாக்கில் எப்போதும் கொஞ்சம் கசந்தது.

கடற்படையை அட்மிரால்டி என்ற குழு நடத்தியது. தரைப்படைக்கு மட்டும் தலைமைத் தளபதி இருந்தார். அந்தப் பொறுப்பில் விக்டோரியா ராணியின் பெரியப்பா-சித்தப்பா மகனான கேம்பிரிட்ஜ் கோமகன் 1856 முதல் 1895 வரை, 39 ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரி பதவிகளைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் 1871 வரை நடந்த காலம் அது. மாற்றம் என்றாலே அவருக்கு ஆகாது. அதன் விலை போயர் யுத்தத்தில் (1899–1902) தெரிந்தது. விவசாயிகளின் படையிடம் பேரரசின் படை மாறி மாறி அடி வாங்கியது. எஷர் பிரபு தலைமையில் மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். 1904-இல் அவர்கள் தலைமைத் தளபதி பதவியையே ஒழித்தார்கள். கடைசியாக அதில் இருந்தவர் ராபர்ட்ஸ் பிரபு. அந்த இடத்தில் அட்மிரால்டியைப் போன்ற ஒரு குழுவும், அதில் முதல்வராகப் பொதுப்படைத் தலைவரும் வந்தார்கள். 1909-இல் அந்தப் பதவியோடு 'இம்பீரியல்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 1964-இல் பேரரசு கரைந்த பிறகு சத்தமில்லாமல் உதிர்ந்தது.

எஷர் குழுவின் மூவரில் ஒருவர் அட்மிரல் ஜாக்கி பிஷர். குழு ஆட்சியின் பலவீனத்துக்கு அவரே உதாரணமாக ஆனது விதியின் விளையாட்டு. 1915 ஜனவரி 28. லண்டனில் போர்க்குழு கூடியிருக்கிறது. டார்டனெல்ஸ் நீரிணையைக் கப்பல்களை மட்டும் வைத்து உடைத்துவிடலாம் என்கிறார் கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். கடற்படையின் தொழில்முறைத் தலைவரான பிஷருக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேஜையிலிருந்து எழுந்துவிடுகிறார். கிச்சனர் பின்னாலேயே போய், ஜன்னலோரம் நிறுத்திச் சமாதானம் பேசித் திரும்ப அழைத்து வருகிறார். பிஷர் வந்து உட்காருகிறார், வாய் திறக்கவில்லை. தன் அமைச்சர் இருக்கும் சபையில் அவரை மறுத்துப் பேசுவது முறையல்ல, ஒன்று மௌனம், இல்லையேல் ராஜினாமா என்பது அவர் கருத்து. மார்ச்சில் கப்பல்கள் கண்ணிவெடிகளில் மூழ்கின, ஏப்ரலில் கலிப்போலியில் படைகள் இறங்கின, மே 15-இல் பிஷர் ராஜினாமா செய்தார். அந்த மௌனத்தின் செலவு பல்லாயிரம் உயிர்கள். பின்னால் விசாரித்த ஆணையம், ஆலோசகர்கள் பேசியிருக்க வேண்டும் என்றது.

பாடம் என்ன? ஆலோசனை சொல்பவருக்கு அதிகாரம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். 1915 டிசம்பரில் தரைப்படைத் தலைமைக்கு வந்த வில்லியம் ராபர்ட்ஸன் அதை நிபந்தனையாகவே வைத்தார்: அரசுக்கு ராணுவ ஆலோசனை என் வழியாக மட்டும், படைகளுக்கு ஆணை என் வழியாக மட்டும். கொடுத்தார்கள். ராபர்ட்ஸன் சாதாரண ஆளில்லை. 1877-இல் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் வரை உயர்ந்தவர். பிரிட்டிஷ் தரைப்படையில் அப்படி ஏணியின் அடிப்படியிலிருந்து உச்சிப்படி வரை ஏறியவர் வேறு யாருமில்லை. ஆனால் அடுத்து வந்த பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கு இந்த ஒற்றைக் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. என்ன செய்தார்? வேறொரு குரலைத் தேடினார். 1917 நவம்பரில் நேச நாடுகளின் உச்சப் போர்க்குழுவை வெர்சேயில் அமைத்து, அங்கே ஹென்றி வில்சனைத் தன் ஆலோசகராக வைத்துக்கொண்டார். 1918 பிப்ரவரியில் ராபர்ட்ஸன் வெளியே, வில்சன் உள்ளே.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பல குரல் இருந்தால் பொறுப்பு கரைகிறது. ஒரே குரல் இருந்தால், ஆட்சியாளருக்கு அது பிடிக்காதபோது அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுகிறார். அடுத்த நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றங்கள் எல்லாம் இந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே வண்டி ஓட்டிய கதைதான்.

1918 ஏப்ரல் 1-இல் விமானப்படை பிறந்ததும் பங்காளிகள் மூவரானார்கள். 1923-இல் மூன்று தளபதிகளும் சேர்ந்த படைத்தலைவர்கள் குழு உருவானது. இரண்டாம் உலகப்போரில் சர்ச்சில் பிரதமரோடு பாதுகாப்பு அமைச்சராகவும் தன்னையே நியமித்துக்கொண்டு இந்தக் குழுவோடு நேராக மல்லுக்கட்டினார். 1942 முதல் குழுவின் தலைவராக இருந்த ஆலன் புரூக், நள்ளிரவு தாண்டியும் அவரோடு சண்டை போட்டார். சர்ச்சில் கத்துவார், மேஜையைத் தட்டுவார், ஆனால் குழு ஒருமித்துச் சொன்ன முடிவைத் தூக்கி எறிந்ததில்லை. குழு முறையின் பொற்காலம் இதுதான். அதற்குக் குழுவின் அமைப்பு காரணமா, புரூக்கின் முதுகெலும்பு காரணமா என்று கேட்டால் நான் பின்னதைத்தான் சொல்வேன்.

போர் முடிந்து காசு தீர்ந்தவுடன் பங்காளிச் சண்டை ஆரம்பித்தது. கப்பலா, குண்டுவீச்சு விமானமா, படைப்பிரிவா? 1956 சூயஸ் அவமானத்தை ஒட்டி எல்லாமே கேள்விக்குள்ளானது. (அப்போது கடற்படைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன், கப்பல்கள் கிளம்பிய பிறகும் படையெடுப்பை நிறுத்தச் சொல்லிப் பிரதமர் ஈடனுக்குக் கடிதம் எழுதினார். பிறகு, பதவியில் தொடரும்படி தனக்கு ஆணை தர வேண்டும் என்று தன் அமைச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிஷரின் மௌனத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு படி முன்னேற்றம்.) பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸின் அழுத்தத்தில் 1959 ஜனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி பிறந்தது. முதலில் விமானப்படையின் வில்லியம் டிக்ஸன், அதே ஆண்டு ஜூலையில் மவுண்ட்பேட்டன்.

நமக்கு அவர் கடைசி வைஸ்ராய். லண்டனில் மற்றப் படைத்தலைவர்களுக்கோ சூழ்ச்சிக்காரர். மலாயா அவசரநிலைக் காலத்தில் அங்கே ஹை கமிஷனராக இருந்து, பின்னர் தரைப்படைத் தலைவரான ஜெரால்டு டெம்ப்ளரை மலேசிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். மவுண்ட்பேட்டன் ஓர் ஆணியை விழுங்கினால் அது கார்க் திருகியாகத்தான் வெளியே வரும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஒரு கதை உண்டு. மவுண்ட்பேட்டனின் ஆசை மூன்று படைகளையும் ஒரே நிர்வாகமாக இணைப்பது. 1963-இல் இஸ்மேயும் ஜேக்கப்பும் ஆராய்ந்து மூன்று வழிகள் கொடுத்தார்கள். பிரிட்டன் வழக்கம்போல நடுவழியை எடுத்தது. 1964 ஏப்ரல் 1-இல் அட்மிரால்டி, போர் அலுவலகம், விமான அமைச்சகம் ஆகிய மூன்றும் ஒரே பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் வந்தன. ஒரே கூரை, மூன்று அடுப்பு. தலைமைப் பதவி கோயில் திருவிழாவில் மண்டகப்படி வைப்பது மாதிரி, இந்த முறை கடற்படை, அடுத்த முறை தரைப்படை, அதற்கடுத்து விமானப்படை என்று சுற்றி வந்தது. திறமைக்கு அல்ல, முறைக்குப் பதவி. 1977-இல் ஆண்ட்ரூ ஹம்ஃப்ரி பதவியில் இருக்கும்போதே இறந்து, அதே விமானப்படையிலிருந்து இன்னொருவரை நியமிக்க வேண்டி வந்ததில் அந்தச் சுற்று கலைந்தது.

அடுத்து, இந்தக் கட்டுரையின் மையமான அந்த மாலை.

1982 மார்ச் 31. ஃபாக்லாந்து தீவுகளை நோக்கி அர்ஜெண்டினாவின் கப்பல்கள் வருகின்றன என்ற உளவுச் செய்தி. பிரதமர் மார்கரெட் தாட்சர் நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ள தன் அறையில், பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட்டோடு உட்கார்ந்திருக்கிறார். முப்படைத் தலைமைத் தளபதி டெரன்ஸ் லெவின் நியூஸிலாந்தில். கடற்படைத் தளபதி ஹென்றி லீச் சீருடையோடு வந்து சேர்கிறார். அமைச்சரைத் தேடித்தான் வந்தார், அழைப்பில்லை. வெளிக்கூடத்தில் காத்திருக்க வைக்கப்பட்டு, பிறகு உள்ளே கூப்பிடப்படுகிறார். தீவுகளை மீட்க முடியுமா என்று கேட்கிறார் தாட்சர். முடியும், சில நாட்களில் ஒரு கடற்படை அணியை அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும் என்கிறார் லீச். அறையின் காற்றே மாறிப்போனது. ஏப்ரல் 5-இல் போர்ட்ஸ்மத்திலிருந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கிளம்பிவிட்டன.

லீச் நடுநிலையான ஆலோசகர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜான் நாட் கடற்படையை வெட்டத் திட்டம் போட்டிருந்தார். இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கியை ஆஸ்திரேலியாவுக்கு விற்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. கடற்படை இருப்பதற்கு நியாயம் என்ன என்று காட்ட லீச்சுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. சுயநலமும் தேசநலமும் ஒரே கதவு வழியாக உள்ளே நுழைந்தன. அந்தப் போரின் நியாயத்தைப் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். என் கேள்வி வேறு. ஒழுங்கான ஓர் அதிகாரச் சங்கிலி இருந்திருந்தால், லீச் தன் மேலதிகாரியைத் தாண்டிப் பிரதமர் அறைக்குப் போயிருப்பாரா? இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1966-இல் புதிய விமானந்தாங்கிக் கப்பலை அரசு ரத்து செய்தபோது கடற்படைத் தளபதி டேவிட் லூஸ் ராஜினாமா செய்தார், அவருடைய அமைச்சரும் கூடவே போனார். அரசு அசையவில்லை. ஒருவர் ஒரு மாலையில் வென்றார், ஒருவர் பதவியையே கொடுத்தும் தோற்றார். ஆனால் இருவருக்கும் 'இது என் படை, நான் பேசுவேன்' என்ற நிலைப்பாடு இருந்தது.

ஃபாக்லாந்து போருக்குச் சற்று முன்புதான் லெவின் தன் பதவியைச் சத்தமில்லாமல் பலப்படுத்தியிருந்தார். அதுவரை தலைமைத் தளபதி குழுவின் ஒருமித்த கருத்தைத் தூக்கிச் செல்லும் தபால்காரர். அதன் பிறகு தன் சொந்தக் கருத்தைச் சொல்லும் முதன்மை ஆலோசகர். போர் அமைச்சரவையில் அவர் குரலே ராணுவத்தின் குரலாக இருந்தது, வேலையும் நடந்தது. 1984-85இல் மைக்கேல் ஹெஸல்டைன் மேலும் மையப்படுத்தினார். 1996-இல் போர்க்களப் படைகளை நடத்த நார்த்வுட்டில் நிரந்தரக் கூட்டுத் தலைமையகம் வந்தது. ஆகவே போர் நடத்துவதில் தலைமைத் தளபதியின் கை ஓங்கியது. படையைக் கட்டுவதிலும் காசைச் செலவழிப்பதிலும் மூன்று தளபதிகளின் கை ஓங்கியே இருந்தது.

காசுதான் அடுத்த திருப்பம். 2010-இல் பதவிக்கு வந்த அரசு, பாதுகாப்புத் துறை வாங்குவதாக ஒப்புக்கொண்டவற்றுக்கும் கையிலுள்ள பணத்துக்கும் இடையில் 38 பில்லியன் பவுண்டு பள்ளம் இருப்பதாகச் சொன்னது. லெவீன் பிரபுவின் 2011 அறிக்கை, மூன்று தளபதிகளையும் பாதுகாப்பு வாரியத்திலிருந்து எடுத்துவிட்டு, ராணுவத்தின் சார்பில் தலைமைத் தளபதி மட்டும் போதும் என்றது. பதிலுக்கு அவரவர் படையின் வரவுசெலவை அவரவரிடமே கொடுத்தது. மேஜையில் இடம் பறிபோனது, பணப்பை கைக்கு வந்தது. மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைப்பு இருக்காது, தவறினால் கேள்வி மட்டும் வரும்.

கப்பல் குறையும்போது அதிகாரி கூடுவது பற்றி ஒரு வார்த்தை. இதைப் பற்றி முதலில் கணக்குப் போட்டுச் சிரிக்க வைத்தவர் நார்த்கோட் பார்க்கின்ஸன். 1914-க்கும் 1928-க்கும் இடையில் பெரிய போர்க்கப்பல்கள் 62-இலிருந்து 20 ஆகக் குறைந்தன. அட்மிரால்டி அலுவலர்கள் 2000-இலிருந்து 3569 ஆகப் பெருகினார்கள். 1955-இல் இதை எழுதியபோது அவர் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர்! கப்பலைவிட அட்மிரல்கள் அதிகம் என்ற கேலி லண்டனில் இன்றும் ஓயவில்லை.

ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் கேலியாக முடியவில்லை. 2003-இல் தலைமைத் தளபதி மைக்கேல் பாய்ஸ், இந்தப் போர் சட்டப்படி சரி என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத்தில் வேண்டும் என்று கேட்டார். ஒரு வரி பதில் வந்தது, போர் தொடங்கியது. அவர் கேட்டது தன் வீரர்களைப் பின்னால் எந்த நீதிமன்றமும் கூண்டில் ஏற்றக்கூடாதே என்ற கவலையில். போர் புத்திசாலித்தனமா என்ற கேள்வியை அந்தக் காகிதம் தொடவில்லை. 2006 அக்டோபரில் தரைப்படைத் தளபதி ரிச்சர்ட் டானட், ஈராக்கில் நம் படைகள் இருப்பதே நிலைமையை மோசமாக்குகிறது, சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று ஒரு நாளிதழுக்கு வெளிப்படையாகச் சொன்னார். அவர் முப்படைத் தலைமைக்கு வராமலே 2009-இல் ஓய்வு பெற்றார். ஈராக்கில் 179 பேரும் ஆப்கானிஸ்தானில் 457 பேரும் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தார்கள். அந்நாட்டு மக்களின் இழப்பு இதைப்போல் பல மடங்கு. 2016-இல் வந்த சில்காட் அறிக்கை பல பேரைக் குறை சொன்னது. பல பேர் என்பதுதான் விஷயம். எல்லோரும் கூடி எடுத்த முடிவுக்கு எந்த ஒருவர் மீதும் விரல் நீட்ட முடிவதில்லை.

2025-இன் மாற்றம் இந்தப் பின்னணியில் வந்தது. உக்ரைன் போரும் வந்து சேர, பாதுகாப்பு அமைச்சர் ஜான் ஹீலி அமைச்சகத்தை நான்கு தூண்களாகப் பிரித்தார்: முப்படைத் தலைமைத் தளபதி, நிரந்தரச் செயலர், தேசிய ஆயுதக் கொள்முதல் இயக்குநர், அணு ஆயுதத் துறைத் தலைவர். தலைமைத் தளபதியின் கீழ் ஒரு ராணுவ வியூகத் தலைமையகம். மூன்று தளபதிகளும் அவருக்குக் கீழே. எந்தப் படைக்கு எது வாங்குவது என்று அவர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார் என்பது எதிர்பார்ப்பு. இதிலுள்ள நியாயத்தை மறுக்க முடியாது. மூன்று படையும் மூன்று பட்டியலோடு வந்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி, கடைசியில் எதுவும் முழுமையாக இல்லாமல் போன அனுபவம் அவர்களுக்கு ஏராளம். யார் பொறுப்பு என்று கேட்டால் இனி ஒரு பெயராவது கிடைக்கும்.

எனக்கு உறுத்துவது மறுபக்கம். 2024 ஜனவரியில் தரைப்படைத் தளபதி பேட்ரிக் சாண்டர்ஸ், பெரிய போர் வந்தால் இந்தச் சிறிய படை போதாது, குடிமக்கள் தயாராக வேண்டும் என்று பேசினார். கட்டாய ராணுவ சேவை இல்லை என்று பிரதமர் அலுவலகம் அவசரமாக மறுத்தது. பேச்சு சரியா தவறா என்பது இருக்கட்டும், படையின் உண்மை நிலை மக்கள் காதுக்கு வந்தது. இனி அந்த இடத்தில் இருப்பவரின் பதவி உயர்வும் பட்ஜெட்டும் ஒரே மேலதிகாரி கையில். இடித்துரைக்க வேண்டிய நேரத்தில் இனி அவர் முதலில் யார் முகத்தைப் பார்ப்பார்? தலைமைத் தளபதியை நியமிப்பதோ அரசு. சங்கிலி ஒழுங்காக இருக்கிறது, கேட்பதற்கு ஒரே ஒரு வாய்தான் மிஞ்சுகிறது. ராபர்ட்ஸனுக்கு நேர்ந்தது போல, அந்த வாய் கசப்பைச் சொன்னால் பிரதமர் வேறு வாயைத் தேடிப் போகலாம். இனிப்பை மட்டும் சொன்னால் பிஷரின் மௌனத்தைவிட அது மோசம்.

இந்தக் குழப்பம் லண்டனோடு நிற்கவில்லை. 1947-இல் இந்தியாவின் உயர்நிலைப் பாதுகாப்பு அமைப்பைக் குழுக்களாக வரைந்து கொடுத்தது மவுண்ட்பேட்டனும் அதே இஸ்மேயும்தான். கார்கிலுக்குப் பிறகு 2001-இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்த முப்படைத் தலைமைப் பதவி 2020 ஜனவரி 1-இல்தான் நிரப்பப்பட்டது. மூன்று தளபதிகள் மீதும் அவருக்குக் கட்டளை அதிகாரம் கிடையாது என்று எழுதியே கொடுத்தார்கள். முதலில் அமர்ந்த பிபின் ராவத் 2021 டிசம்பர் 8-இல், வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் வழியில், குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்தவரை நியமிக்க ஏறத்தாழ பத்து மாதம் ஆயிற்று. இலங்கையிலோ இந்தப் பதவி வேறு மாதிரி பயன்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்த கையோடு, ஜூலையில் சரத் பொன்சேகாவை அதில் ஏற்றினார்கள். ஒருங்கிணைப்பு வேலை தவிர அதில் ஒன்றுமில்லை என்று நவம்பரில் கடிதம் எழுதிவிட்டு வெளியேறி, தேர்தலில் நின்றார். அதிகாரமில்லாத உயரத்துக்கு ஒரு தளபதியைத் தூக்கிவிடுவதும் ஆட்சியாளர்கள் அறிந்த கலை.

பிரிட்டனில் புதிய ஏற்பாட்டுக்கு முதல் பரீட்சை போர்க்களத்தில் அல்ல, கணக்குப் புத்தகத்தில் வந்தது. எந்தப் படைக்கு என்ன வாங்குவது என்று சொல்லும் பாதுகாப்பு முதலீட்டுத் திட்டம் 2025 இலையுதிர் காலத்தில் வெளிவரும் என்று அறிவித்திருந்தார்கள். டிசம்பர் முடிந்தும் வரவில்லை. நைட்டனுக்கு இப்போது மூன்று தளபதிகள் மீதும் கட்டளை அதிகாரம் இருக்கிறது. நிதியமைச்சகத்தின் மீது அது கிடையாது.